உமியிலிருந்து சிலிக்கான் கார்பைடு விஸ்கர்: காரைக்குடி உலைக் குறிப்புகள்

பிப்ரவரி 3
நெல் உமியிலிருக்கும் சிலிக்காவையும் கார்பனையும் வினைபுரிய வைத்து, விஸ்கர் எனப்படும் முடி போன்ற மெல்லிய சிலிக்கான் கார்பைடு படிக இழைகளை வளர்க்க வேண்டும். மில்லிலிருந்து உமி வந்தாயிற்று. களத்து மண் கலக்காததாகப் பார்த்து எடுக்க வேண்டும். உமிக்குள் இருப்பது படிக வடிவம் இல்லாத சிலிக்கா, சுலபமாக வினைபுரியும். மணலில் இருப்பது குவார்ட்ஸ், லேசில் அசையாது. சலித்து, அலசி, வெயிலில் காயப் போட்டாயிற்று.

பிப்ரவரி 5
3 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் கொதி. பொட்டாசியம் வெளியேற வேண்டும். தங்கிவிட்டால் சிலிக்காவோடு சேர்ந்து தாழ்ந்த சூட்டிலேயே கண்ணாடியாக உருகி, கரியின் துளைகளை அடைத்துவிடும். கழுவும் நீர் நடுநிலைக்கு வரும்வரை அலசல்.

பிப்ரவரி 6
கிரியாவூக்கி (வினையைத் தூண்டிவிடும் பொருள்): இரும்பு. ஒரு கிலோ உமியில் சிலிக்கா சுமார் 200 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் 2 சதவீதம் 4 கிராம் இரும்பு. அதற்கு ஃபெரஸ் சல்ஃபேட் படிகம் 20 கிராம். கரைசலில் உமியை ஊறவைத்து, கிளறிக்கொண்டே அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அழுக்குப் பச்சையாக வீழ்படிவு உமிமேல் ஒட்டும், காற்றுப்பட்டதும் ஓரத்திலிருந்து பழுப்பாகும். இரும்பைக் கூட்டினால் விஸ்கர் அதிகமாகாது. உலையில் உருகும் இரும்புத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, தடித்த குச்சியும் தூளும்தான் மிஞ்சும்.

பிப்ரவரி 9
காற்றுப் படாமல் ஆர்கான் வாயுவில் 800 டிகிரி செல்சியஸில் கரியாக்கல். கிடைத்த கரியில் சிலிக்காவும் கார்பனும் ஏறத்தாழ பாதிப் பாதி. 100 கிராம் சிலிக்காவுக்கு 60 கிராம் கார்பன் போதும், ஆகவே வெளியிலிருந்து சேர்க்கத் தேவையில்லை. பக்கத்திலேயே சிவகங்கை கிராஃபைட் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. மூசைக்கு (உலையில் வைக்கும் பாத்திரத்துக்கு) கிராஃபைட் நல்லது. வினைக்கு உமிக்கரிதான். அதில் சிலிக்காவும் கார்பனும் மிக நெருக்கமாகக் கலந்து கிடக்கின்றன, கிராஃபைட் செதில் மந்தமானது.

பிப்ரவரி 12
1,500 டிகிரி, ஆர்கான். இன்றைய சூளைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சிலிக்காவும் கரியும் சேர்ந்து சிலிக்கான் மோனாக்சைடு வாயு எழுகிறது. அது கரியையே தொட்டால் தூள். கரிக்கு இடையிலுள்ள காலி இடைவெளியில் கார்பன் மோனாக்சைடு வாயுவோடு சந்தித்தால் விஸ்கர். அதனால் கரியை இடிக்கவோ அழுத்தவோ கூடாது, உமி வடிவம் குலையாமல் தளர்வாக நிரப்பி மூடி போட வேண்டும். இரும்பு 1,200 டிகிரியை ஒட்டியே சிலிக்கானோடு சேர்ந்து திரவத் துளியாகிறது. துளி வாயுவை உறிஞ்சி நிறைந்ததும் படிகம் அதன் அடியில் நீள்கிறது. 1964இல் ஆய்வாளர்கள் வாக்னரும் எல்லிஸும் தங்கத்துளி வைத்துச் சிலிக்கானை வளர்த்துக் காட்டியது இதே வழியில்தான்.

ஆர்கானை வேகமாக விட்டால் சிலிக்கான் மோனாக்சைடு வினைபுரியாமலே தப்பி, உலைக் குழாயின் குளிர்ந்த முனையில் பழுப்புப் பஞ்சாகப் படியும். விளைச்சல் குறைந்தால் முதலில் அங்கே பாருங்கள். ஆர்கானுக்குப் பதில் நைட்ரஜன் விட்டால், சூடும் 1,400க்குக் கீழே நின்றால், வருவது சிலிக்கான் நைட்ரைடு. வெளியேறுவது நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு, புகைபோக்கி இல்லாத அறையில் இந்த வேலை கூடவே கூடாது.

பிப்ரவரி 14
மிச்சக் கரியைக் காற்றில் 700 டிகிரியில் எரித்ததும் வெளிர்பச்சைப் பஞ்சு. எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை இப்போதே எடுத்துவிட வேண்டும். நுனியில் உருண்டை தெரிந்தால் இரும்பு வேலை செய்திருக்கிறது. மிச்சச் சிலிக்காவை நீக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அந்த உருண்டையையும் தின்றுவிடும். அமிலம் பட்ட இடத்தில் தடவும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் அந்த அமிலத்தைத் திறக்காதீர்கள்.

சிலிக்கான் கார்பைடு விஸ்கரை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற 2ஏ பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. உலர்ந்த பஞ்சைக் கொட்டவோ ஊதவோ வேண்டாம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்தே புட்டியில் அடைத்தாயிற்று.