பள்ளிகளாகத் தொடங்கிய காப்பகங்கள்

'தரமான' பரம்பரையினரே பிள்ளை பெற வேண்டும், 'குறையுள்ளவர்கள்' பெறக்கூடாது என்ற கொள்கைதான் இனமேம்பாட்டியல். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நாஜி ஜெர்மனிதான் நினைவுக்கு வருகிறது. அது தவறன்று, ஆனால் அங்கிருந்து தொடங்கினால் பாதி வரலாறு விடுபட்டுவிடும். ஹிட்லர் ஆட்சியைப் பிடிப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1907இல், அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை இயற்றிவிட்டது. அதைவிடவும் என்னை உறுத்துவது வேறொன்று. குறைபாடுள்ள குழந்தைகளை ஆயுள் முழுக்க அடைத்து வைத்த பெருங்காப்பகங்கள் சில, உண்மையிலேயே நல்ல நோக்கத்தோடு, பள்ளிகளாகத் தொடங்கப்பட்டவை.

1848இல் மாசசூசெட்ஸில் சாமுவேல் கிரிட்லி ஹோ என்ற மருத்துவர், அறிவுவளர்ச்சி குன்றிய ஏழைக் குழந்தைகள் பத்துப் பேருக்காக, மாநில அரசின் மானியத்துடன் ஒரு பள்ளியைச் சோதனை முயற்சியாகத் தொடங்கினார். பிள்ளைகளுக்குத் தங்கள் வேலைகளைத் தாங்களே பார்த்துக்கொள்ளப் பழக்கி, சில ஆண்டுகளில் வீட்டுக்கே அனுப்பிவிட வேண்டும் என்பது திட்டம். குறைபாடுள்ளவர்களை ஓரிடத்தில் திரட்டி வைப்பதே கெடுதல் என்று 1866இல் அவர் வெளிப்படையாக எச்சரித்தார். அவர் மறைந்த பின் அந்தப் பள்ளி ஆயிரக்கணக்கானோரை அடக்கிய காப்பகமாக வளர்ந்து, ஃபெர்னால்ட் பள்ளி என்ற பெயரைப் பெற்றது. 1940களிலும் 50களிலும் அங்கிருந்த சிறுவர்களை 'அறிவியல் மன்றம்' ஒன்றில் சேர்த்து, கூடுதல் பாலும் பேஸ்பால் ஆட்டம் பார்க்கும் வாய்ப்பும் தருவதாக ஆசைகாட்டி, கதிரியக்கப் பொருள் கலந்த ஓட்ஸ் கஞ்சியை உண்ணவைத்து ஆய்வு செய்தார்கள். பெற்றோருக்கு அனுப்பப்பட்ட ஒப்புதல் கடிதத்தில் கதிரியக்கம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பள்ளி எப்படிக் காப்பகமாயிற்று? பயிற்சி பெற்ற பிள்ளைகளுக்கு வெளியே வேலை இல்லை, வறுமையில் தவித்த குடும்பங்களால் அவர்களைத் திரும்ப ஏற்கவும் முடியவில்லை என்பது ஒரு காரணம். ஓரளவு திறமையுள்ளவர்கள் அங்கேயே தங்கிவிட்டால் சலவை, சமையல், தோட்டம் எல்லாம் கூலியின்றி நடந்துவிடும் என்பதை நிர்வாகங்கள் கண்டுகொண்டது இன்னொன்று. வசதிக்காக நடந்துகொண்டிருந்த இந்த ஏற்பாட்டுக்கு, 1883இல் பிரான்சிஸ் கால்டன் பெயர் சூட்டிய இனமேம்பாட்டியல் ஓர் அறிவியல் சாக்கைக் கொடுத்தது: இவர்களை வெளியே விட்டால் பிள்ளை பெறுவார்கள், ஆகவே வெளியே விடக்கூடாது.

நியூ ஜெர்சியின் வைன்லாந்து பயிற்சிப் பள்ளியில் இது எப்படி நடந்தது என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, வகுப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் மாணவர்களைக் கண்டறிவதற்காக உருவாக்கிய தேர்வை, வைன்லாந்தில் பணியாற்றிய உளவியலாளர் ஹென்றி காடார்ட் எடுத்து வந்து, யாரை அடைக்கலாம் என்று தீர்மானிக்கும் கருவியாக மாற்றிவிட்டார். 1897இல் எட்டு வயதில் அங்கு சேர்க்கப்பட்ட ஒரு சிறுமியை, டெபோரா காலிகாக் என்ற புனைபெயரில், பரம்பரை மந்தபுத்திக்குச் சான்றாக 1912இல் அவர் நூலாகவே எழுதி வெளியிட்டார். அந்த 'மந்தபுத்திக்காரி' மரச்சாமான் செய்தாள், அழகாகத் தைத்தாள், இசைக்கருவி வாசித்தாள், நோயாளிகளைப் பராமரித்தாள். இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோரைக் காப்பகங்களில் பிரித்து வைக்கத் தேவையில்லை என்று 1928இல் காடார்டே எழுதினார். ஆனால் டெபோரா காப்பகங்களிலேயே 81 ஆண்டுகளைக் கழித்து 1978இல் இறந்தார்.

வெர்ஜீனியாவின் கேரி பக் வழக்கு பலரும் அறிந்ததே. வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவனால் பலாத்காரம் செய்யப்பட்டுக் கருவுற்ற அந்தப் பெண்ணை, ஒழுக்கமும் அறிவும் அற்றவள் என்று காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அவளுக்குக் கருத்தடை செய்யலாம் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எனக்குக் கேரியின் மகள் விவியன்தான் மறக்கவில்லை. ஒரு வயதுகூட நிரம்பாத அந்தக் குழந்தையைப் பார்த்த சமூகப் பணியாளர் ஒருவர், அதன் பார்வை இயல்பாக இல்லை என்று சாட்சி சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தின் பலத்தில், கேரியின் தாய், கேரி ஆகியோரைத் தொடர்ந்து மூன்றாம் தலைமுறையும் குறையுள்ளது என்றாயிற்று. விவியன் பள்ளிக்குப் போனாள். 1931இல் சிறந்த மாணவர் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. மறு ஆண்டு, எட்டு வயதில், நோயால் இறந்துபோனாள்.

1939 ஆகஸ்டில் ஜெர்மனி பிறப்பித்த ஆணையை இந்தப் பின்னணியில் படிக்கும்போதுதான் அதன் அலுவலகத்தனம் முகத்தில் அறைகிறது. மூன்று வயதுக்குட்பட்ட குறைபாடுள்ள குழந்தைகளை மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் படிவம் நிரப்பித் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு படிவத்துக்கும் மருத்துவச்சிக்கு 2 மார்க் சன்மானம். குழந்தையைப் பார்த்தேயிராத மூன்று நிபுணர்கள் அந்தப் படிவத்தில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இடுவார்கள்; கூட்டல் என்றால் மரணம். அப்போது ஜெர்மனியோடு இணைக்கப்பட்டிருந்த வியன்னாவின் ஸ்பீகல்குருண்ட் காப்பகத்தில் மட்டும் 789 குழந்தைகள் இறந்தார்கள். பலரைத் தூக்க மருந்தை மிகையாகக் கொடுத்துக் கொன்றுவிட்டு, நிமோனியா என்று பெற்றோருக்கு எழுதினார்கள். ஆய்வுக்கென்று கண்ணாடிக் குடுவைகளில் வைத்திருந்த அவர்களின் மூளைகள் 2002இல்தான் அடக்கம் செய்யப்பட்டன.

போர் முடிந்தும் இது முடியவில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் 1928இல் வந்த கருத்தடைச் சட்டம் 1972 வரை நடைமுறையில் இருந்தது. ரெட் டியர் பயிற்சிப் பள்ளியில் இருந்த லெய்லானி முயருக்கு 14 வயதில், குடல்வால் அறுவை என்று சொல்லி, கருத்தடை செய்தார்கள். அறிவுத்திறன் தேர்வில் அவர் பெற்ற 64 என்ற எண்தான் ஆதாரம். பின்னாளில் அதே போன்ற தேர்வில் அவர் 89 பெற்றார். 1996இல் நீதிமன்றம் அவருக்கு ஏறத்தாழ 7,40,000 கனடிய டாலர் இழப்பீடு வழங்கியது. அடுத்து நூற்றுக்கணக்கானோர் வழக்குத் தொடுக்கவே, இழப்பீட்டுக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்ட முன்வடிவை 1998 மார்ச்சில் மாநில அரசு கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.