எந்த ஜப்பானிய ஆர்பிஜிக்கு நம் நேரத்தைக் கொடுக்கலாம்?

ஜப்பானியப் பாத்திரமேற்பு விளையாட்டுகளை, அதாவது ஜேஆர்பிஜி என்று நாம் சுருக்கிச் சொல்லும் வகையை, வாங்குவதற்கு முன் பெரும்பாலோர் பார்ப்பது விமர்சகர்களின் மதிப்பெண்ணையும் தள்ளுபடி விகிதத்தையும்தான். இரண்டும் இந்த வகைக்கு அதிகம் உதவுவதில்லை என்பது என் கருத்து. 'பெர்சோனா 5 ராயல்' முடிய நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காரைக்குடியில் பகலெல்லாம் கணக்கு எழுதிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் மட்டும் கைக்குக் கிடைக்கும் என் போன்றவருக்கு அது மூன்று நான்கு மாதச் சங்கதி. பாதி விலைக்குக் கிடைத்தாலும் அந்த மாதங்களில் ஒன்றுகூடக் குறையப்போவதில்லை.

அந்த நூறு மணி நேரம் எதில் கழிகிறது என்று பார்த்தால் தேர்வு எளிதாகிவிடும். கதைக்காட்சிகளும், பாஸ் எனப்படும் தலைமை எதிரிகளோடு நடக்கும் பெரிய சண்டைகளும் நினைவில் நிற்கும், உண்மைதான். ஆனால் நேரத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது வழிநெடுக எதிர்ப்படும் சாதாரணச் சண்டைகள். ஒரே குகைக்குள் முப்பது முறை வரும் அதே நான்கு வௌவால்களோடு சண்டையிடுவது அலுக்காமல் இருக்குமா என்பதே என் முதல் கேள்வி. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் விவரம் தெரிந்த பெரியவர்கள் பாயசத்தை வைத்துச் சமையல்காரரை எடைபோடுவதில்லை. சாம்பாரையும் ரசத்தையும் வைத்துத்தான் போடுவார்கள். ஆகவே நான் முன்னோட்டக் காணொளிகளைப் பார்ப்பதே இல்லை. யாரோ ஒருவர் வெட்டாமல் ஒட்டாமல் பதிவேற்றிய விளையாட்டுப் பதிவில் ஐந்தாவது மணி நேரத்துக்கு நேராகப் போய், ஒரு பத்து நிமிடம் சாதாரணச் சண்டைகளை மட்டும் கவனிப்பேன். விளையாடுபவர் ஒவ்வொரு முறையும் எதையாவது முடிவெடுக்கிறாரா, அல்லது ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு தூங்கி வழிகிறாரா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

1995இல் வெளிவந்த 'க்ரோனோ ட்ரிகர்' இந்தச் சோதனையில் இன்றைக்கும் முதல் வகுப்பில் தேறுகிறது. டிராகன் க்வெஸ்ட் தொடரின் யூஜி ஹோரி, ஃபைனல் ஃபேன்டஸி தொடரின் ஹிரோனோபு சகாகுச்சி, ஓவியர் அகிரா தோரியாமா ஆகிய மூவரும் கைகோத்து உருவாக்கியது என்ற பெருமையை ஒருபுறம் வைத்துவிட்டு, சண்டையை மட்டும் பாருங்கள். எதிரிகள் தனித் திரையில் வரிசை கட்டி நிற்பதில்லை. நாம் நடந்துகொண்டிருக்கும் அதே காட்டிலேயே அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். நாயகன் க்ரோனோவின் சுழல்வெட்டு தன்னைச் சுற்றி நெருங்கி நிற்பவர்களைத் தாக்கும். அவன் தோழி லூக்காவின் தீப்பிழம்பு ஒரு நேர்கோட்டில் நிற்பவர்களைச் சுடும். மூன்று எதிரிகள் பிரிந்து நிற்கும்போது உடனே அடித்தால் ஒருவன்தான் விழுவான். இரண்டு விநாடி பொறுத்தால் அவர்கள் ஒன்றுகூடலாம், அதற்குள் நம் ஆள் ஒருவர் அடி வாங்கவும் கூடும். இந்த இரண்டு விநாடித் தயக்கம் சாதாரணச் சண்டைக்கு உயிர் கொடுக்கிறது. அதோடு, தொடக்கத்தில் வரும் திருவிழாவில் மேசைமேல் இருக்கும் யாருடைய சாப்பாட்டுப் பொட்டலத்தையோ எடுத்துத் தின்றிருந்தால், பின்னால் நீதிமன்றத்தில் அது சாட்சியமாக வந்து நிற்கும். முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே விளையாட்டு நம்மைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. இருபது இருபத்தைந்து மணி நேரத்தில் முடிந்தும் விடுகிறது. கணினியிலும் கைபேசியிலும் கிடைக்கும் இதை விளையாடாமல் வேறு எதையும் தொடங்க வேண்டாம் என்பேன்.

2001இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 10' வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. யாருக்குப் பின் யார் அடிப்பார் என்ற வரிசை திரையின் ஓரத்தில் எப்போதும் தெரிகிறது. சண்டையின் நடுவே ஆளை மாற்றிக்கொள்ளலாம். பறப்பவற்றுக்கு வக்காவின் பந்து, கூழ் போன்ற உடல் கொண்டவற்றுக்கு லூலுவின் மந்திரம், ஓடு தடித்தவற்றுக்கு ஆரானின் வாள் என்று ஒவ்வொரு சண்டையும் சிறிய புதிராக இருப்பதால், மூன்றே அடியில் முடித்துவிட்ட திருப்தி திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. பெர்சோனா 5இல் எதிரியின் பலவீனத்தைக் கண்டுபிடித்து அடித்தால் அவன் விழுவான், நமக்கு இன்னொரு வாய்ப்பு வரும்; எல்லாரையும் வீழ்த்திவிட்டால் சுற்றி வளைத்து, பணம் கேட்கலாம், பொருள் கேட்கலாம், நம் பக்கம் சேரச் சொல்லிப் பேரமும் பேசலாம். பேரம் பேசுவதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, நான் அதில் அளவுக்கு மீறி நேரம் செலவழித்திருக்கிறேன்.

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது, 'கொஞ்சம் பொறுங்கள், முப்பது மணி நேரத்துக்குப் பிறகு பிரமாதமாக இருக்கும்' என்ற பரிந்துரை. 2009இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 13' இதற்குப் பெயர் போனது. பதின்மூன்று அத்தியாயங்களில் முதல் பத்து பெரும்பாலும் ஒற்றைப் பாதையில் நம்மைத் தள்ளிக்கொண்டே போகின்றன. பதினோராவதில்தான் பெரும்புல்வெளி விரிகிறது. அதன் சண்டை முறை முழுதாகத் திறந்த பிறகு கூர்மையானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் திறப்பதற்கு முன் கழியும் மாலைகளை யார் திருப்பித் தருவார்கள்? 'பிரேவ்லி டிஃபால்ட்' இன்னும் விநோதமானது: முதல் பாதி முழுக்க அருமையான சண்டைகளைக் கொடுத்துவிட்டு, ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து அதே படிகங்களுக்கும் அதே எதிரிகளுக்கும் மறுபடி மறுபடி அனுப்புகிறது. கதையில் அதற்குக் காரணம் உண்டு. இருந்தாலும் காரணம் இருப்பதால் மட்டும் சலிப்பு குறைந்துவிடாது. நல்லவேளையாக அதில் எதிரிகள் வரும் விகிதத்தைப் பூஜ்யம் வரை குறைத்துக்கொள்ளலாம். பழைய ஃபைனல் ஃபேன்டஸிகளின் 'பிக்சல் ரீமாஸ்டர்' எனும் புதுப்பித்த பதிப்புகளிலும் இந்த வசதி வந்துவிட்டது. 1994இல் வந்த ஆறாவது பாகத்தைக் கதைக்காக மட்டும் படிக்க நினைப்பவர் எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லாமல் அதைப் பயன்படுத்தலாம். விளையாட்டின் மதிப்பு அதனால் குறைந்துவிடாது.

என் அளவுகோலுக்குள் அடங்காமல் வழியும் விளையாட்டுகளும் உண்டு. 1986இல் தொடங்கிய டிராகன் க்வெஸ்ட் தொடரில் சண்டை மிக எளிமையானது. பதினோராம் பாகத்தின் சாதாரணச் சண்டைகளில் பெரிய யோசனை தேவைப்படுவதில்லை. ஆனாலும் அந்தப் பாகத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு ஊரும் தன் வழக்குப் பேச்சோடும் தன் சின்னக் கவலையோடும் இருக்கிறது; அடுத்த ஊர் எப்படி இருக்குமோ என்ற ஆவலே நம்மை நடத்திச் செல்கிறது. ஃபால்காம் நிறுவனம் 2004இல் வெளியிட்ட 'ட்ரெயில்ஸ் இன் தி ஸ்கை' இந்தக் குணத்தை இன்னும் ஆழமாக எடுத்துச் செல்கிறது. கதையில் ஒரு சிறு நிகழ்ச்சி முடிந்ததும் ஊரில் உள்ள கடைக்காரர், விடுதிக்காரர், பிள்ளைகள் என எல்லாரும் புதிதாக ஏதோ பேசுகிறார்கள். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போவோர் வருவோரிடம் ஊர்ச் செய்தி கேட்பதில் சுகம் காண்பவர்களுக்கு அது பிடிக்கும். மற்றவர்களுக்குப் பத்தாவது மணி நேரத்தில் பொறுமை போய்விடும். மெதுவான விளையாட்டு வேறு, வீணடிக்கும் விளையாட்டு வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது இந்த இடத்தில் அவசியமாகிறது.

நம் ஊர்ச் சூழ்நிலைக்கென்று ஒரு கேள்வியும் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்ய முடியுமா? மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை செய்தித்தாளில் முன்னதாகவே வந்துவிடும். ஆடிக் காற்றில் போகும் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. பெர்சோனா 5இல் அரண்மனைகள் எனப்படும் பெரிய சண்டைக் களங்களில் பாதுகாப்பு அறை வரும்வரை சேவ் செய்ய முடியாது என்பதால், கணினியிலோ டிவியிலோ விளையாடுபவர் யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடங்குவது துணிச்சலான காரியம். ட்ரெயில்ஸ் இன் தி ஸ்கையின் கணினிப் பதிப்பில் கிட்டத்தட்ட எந்த இடத்திலும் சேவ் செய்யலாம். தரவிறக்க அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த்' கணினியில் 155 ஜிபி இடம் கேட்கிறது. முகப்பில் வைத்த ரூட்டரின் சிக்னல் இரண்டாம் கட்டின் தடித்த சுவர்களைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும் பழைய வீடுகளில், அது வாரக்கணக்கில் இறங்கும்.

வாங்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு இணையக் கடையில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். மற்ற வகைகளுக்கு இது நல்ல விதி. ஜேஆர்பிஜிக்குப் போதாது, ஏனென்றால் இரண்டு மணி நேரத்தில் பல விளையாட்டுகள் அறிமுகத்தையே முடித்திருக்காது. அதனால் டெமோ, அதாவது இலவச முன்மாதிரிப் பதிப்பு, இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிராகன் க்வெஸ்ட் 11 எஸ் பதிப்பின் டெமோ சுமார் பத்து மணி நேரம் ஓடும். ஆக்டோபாத் டிராவலர் இரண்டாம் பாகத்தின் டெமோ மூன்று மணி நேரம். 2024இல் வந்த 'மெட்டாஃபர்: ரீஃபேன்டாசியோ'வுக்கும் தாராளமான டெமோ உண்டு. மூன்றிலும் விளையாடிய பகுதி முழுப் பதிப்புக்கு அப்படியே வந்துசேரும்.

வெளியான அன்றே வாங்கும் ஆசையையும் அடக்கிக்கொள்வது நல்லது. பெர்சோனாவை உருவாக்கும் அட்லஸ் நிறுவனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு: பெர்சோனா 5 2016இல் வந்தது, விரிவாக்கப்பட்ட ராயல் பதிப்பு 2019இல்; ஷின் மெகாமி டென்செய் ஐந்தாம் பாகம் 2021இல், அதன் வெஞ்சன்ஸ் பதிப்பு 2024இல். டிராகன் க்வெஸ்ட் 11கூட 2017இல் வந்து, இரண்டு ஆண்டுகளில் எஸ் பதிப்பாக வளர்ந்தது. பொறுத்தவருக்கு முழுமையான பதிப்பு குறைந்த விலையில் கிடைக்கிறது. ராயலை வாங்குபவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அதில் புதிதாகச் சேர்த்த மூன்றாம் பருவத்தைக் காண வேண்டுமானால், பள்ளி மனநல ஆலோசகர் மருகியுடனான நட்பை விளையாட்டின் நாட்காட்டியில் நவம்பர் 18க்குள் ஒன்பதாம் படிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். விளையாட்டு இதை உரக்கச் சொல்வதில்லை. கதை தெரிந்துவிடுமோ என்று பயந்து வழிகாட்டிகளைத் தொடாதவர்கள்கூட இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

தேவகோட்டையில் இருக்கும் அக்கா மகன், கல்லூரி விடுமுறை தொடங்கியதும், "மாமா, ஃபைனல் ஃபேன்டஸி ஒன்றிலிருந்து வரிசையாகப் போகவா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அந்தத் தொடரின் எண் வரிசையில் ஒவ்வொரு பாகமும் தனிக்கதை. பெர்சோனாவும் ஏறத்தாழ அப்படியே. ட்ரெயில்ஸ் அப்படியில்லை, முதல் பாகம் முடியும் இடத்தில் இரண்டாம் பாகத்தைக் கையில் வைத்திருக்காவிட்டால் தூக்கம் வராது. ஃபைனல் ஃபேன்டஸி ஏழாம் பாகத்தின் மறு ஆக்கம் மூன்று பாகங்களாகத் திட்டமிடப்பட்டது. 2020இலும் 2024இலும் வந்தவை முதல் இரண்டு என்பதால், அரைக்கதையில் நிற்கப் பிடிக்காதவர்கள் 1997இன் மூல விளையாட்டுக்கே போகலாம். அவனுக்கு நான் சொன்னது க்ரோனோ ட்ரிகர், பிறகு டிராகன் க்வெஸ்ட் டெமோ. டெமோவின் பத்து மணி நேரத்தை முடித்த பின்னும் அடுத்த ஊரைப் பார்க்கும் ஆசை இருந்தால் முழுப் பதிப்பை வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எனக்கென்று எடுத்து வைத்திருப்பது 2025 மார்ச்சில் புதுப்பித்து வெளியான சூய்கோடென் இரட்டைத் தொகுப்பு. 108 பேரைத் தேடிச் சேர்க்கும் கதை, முதல் பாகம் இருபது மணி நேரத்தை ஒட்டியே முடிந்துவிடுகிறது, அதன் சேவ் கோப்பை இரண்டாம் பாகத்துக்கும் கொண்டுபோகலாம். சண்டையில் ஒரே நேரத்தில் ஆறு பேர் இறங்குகிறார்கள். பதிவில் பார்த்தவரை ஒவ்வொன்றும் அரை நிமிடத்துக்குள் முடிகிறது.