கண்ணைக் கடைசியில் வையுங்கள்

களிமண்ணில் தலை செய்யச் சொன்னால் மாணவர்கள் எடுத்த எடுப்பில் கண், மூக்கு, வாய்க்குப் போய்விடுகிறார்கள். முகம் ஓரளவு வந்துவிடும். பக்கவாட்டில் திருப்பினால் காதுக்குப் பின்னால் மண்டையே இருக்காது. அதனால் முதல் இரண்டு வகுப்புகளுக்கு மண்டை, தாடை, கழுத்து மட்டும்தான்.

ஒன்றரை அடிச் சதுரப் பலகையின் நடுவில் முக்கால் அங்குல ஜிஐ பைப்பை நிறுத்தி, அதன் தலையில் தடித்த அலுமினியக் கம்பியை முட்டை வடிவில் குறுக்கும் நெடுக்குமாக வளைத்துக் கட்டுங்கள். கூட்டுக்குள் சிலுவையாகக் கட்டிய இரண்டு மூன்று குச்சிகளைத் தொங்கவிட வேண்டும். பலர் இதை விட்டுவிடுவார்கள். ஆளளவுத் தலைக்கு 12 கிலோ மண்ணாவது ஏறும். பிடிமானம் இல்லாவிட்டால் மறுநாள் தாடை கழுத்தில் இறங்கி நிற்கும். கூடு பெரிதாகிவிட்டாலும் தொல்லைதான், கண்குழியைத் தோண்டும்போது கம்பி தட்டும்.

மண் சப்பாத்தி மாவுப் பதத்தில் இருக்கட்டும். பெரியவர்களின் தலை உச்சி முதல் முகவாய் வரை சுமார் 22 செ.மீ., முன்னிருந்து பின்னுக்கு 19, அகலம் 15. இது தோராயம்தான். எதிரே உட்கார்ந்திருப்பவரின் காதுத் துவாரத்திலிருந்து முகவாய், மூக்கடி, புருவமத்தி மூன்றுக்கும் காலிபரில் (வளைந்த இரு கால்கள் உள்ள அளவுக் கருவி) அளந்து, மண்ணில் தீக்குச்சி குத்தி அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். கண் இருக்கும் இடம் தலை உயரத்தின் பாதி. நெற்றியைக் குறுக்கிக் கண்ணை மேலே ஏற்றாத புது மாணவர் அபூர்வம்.

கண்ணுக்கு வரும்போது மாவிலை போலக் கோடு கீற விடாதீர்கள். குழியைத் தோண்டி, இரண்டரை செ.மீ. உருண்டை ஒன்றை உள்ளே வைத்து, அதன்மேல் இமைகளை மெல்லிய பட்டையாகப் போர்த்த வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் மேலிமை கீழிமையைவிட முன்னால் நிற்கும். கண்ணின் வெளிக்கடை, அதாவது காதுப் பக்க ஓரம், மூக்குப் பக்க உள்கடையைவிடப் பின்னால் போகும். இந்த இரண்டும் சரியாக வந்தாலே பார்வை வந்துவிடும்.

ஈர விரலால் தேய்த்து வழவழப்பாக்குவதைக் கண்டிப்பாகத் தடுங்கள். கன்ன எலும்பின் திருப்பம் அதில்தான் கரைந்து போகிறது. மாணவரின் மண்ணில் ஆசிரியர் கை வைக்கவும் கூடாது. பலகையைத் திருப்பிக் காட்டி, காலிபரைக் கையில் கொடுத்தால் பிழையை அவரே கண்டுபிடிப்பார்.

வகுப்பு முடிந்ததும் ஈரத்துணி, அதன்மேல் பாலிதீன். சுடுவதானால் மண் சற்று இறுகியதும் தலையை அறுத்துக் கூட்டை எடுத்துவிட்டு, சுவர் 2 செ.மீ. இருக்கும்படி உள்ளே குடைந்து, மண்குழம்பால் ஒட்டி, காற்றுப் போகத் துளை விட்டு, நிழலில் நிதானமாக உலர்த்துங்கள். சூளை 100 டிகிரியைத் தாண்டும்வரை சூடு மெல்ல ஏறட்டும். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகித் தலையை வெடிக்க வைப்பது அந்தக் கட்டத்தில்தான்.