சிவப்பு, மஞ்சள், பச்சை

அம்பத்தூரில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் 11 வருடம் தரப் பரிசோதகனாக இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு, "இந்த லைனை மூடுறோம்" என்றார்கள். மூன்று மாதச் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் மாதம் முழுக்க வேலை தேடும் இணையதளங்களைத் திறந்து மூடுவதிலேயே போனது. "மனசைத் தளர விடாதே" என்று சொல்லாத ஆளில்லை. அதைக் கேட்கக் கேட்கத்தான் தளர்ந்தது. எழும் நேரம் ஆறிலிருந்து ஒன்பதானது.

அண்ணன் மகள்தான், "சித்தப்பா, தப்பு கண்டுபிடிக்கிறதுதானே உங்க வேலை?" என்று தமிழ் விக்கிமூலத்தைத் திறந்து காட்டினாள். பழைய புத்தகங்களைத் தன்னார்வலர்கள் எழுத்தாக்கி வைக்கும் இணைய நூலகம் அது. பழைய புத்தகத்தின் ஸ்கேன் ஒரு பக்கம். அதைக் கணினி படித்துத் தட்டிய எழுத்து இன்னொரு பக்கம். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். கணினிக்குத் துணைக்காலும் 'ர'வும் ஒன்றுதான் போல, 'காலம்' என்பது 'கரலம்' ஆகியிருக்கும். நான் எடுத்தது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. அதில் 'லை', 'ணை' எல்லாம் துதிக்கை தூக்கி நிற்கும். அங்கெல்லாம் கணினி உளறியிருந்தது. நீராவி எஞ்சின் பற்றிய அத்தியாயத்தில் 'உந்துதண்டு' என்று வந்தது. இத்தனை வருடம் பிஸ்டனைக் கையில் வைத்து அளந்தவன், அப்படி ஒரு சொல் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

காலையில் இரண்டு மணி நேரம் விண்ணப்பங்கள், அப்புறம் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டேன். இதில் பைசா வராது. வீடு ஓடியது மனைவியின் சம்பளத்தில். அதை வைத்து இரண்டு சண்டையும் நடந்தது.

திருத்தாத பக்கம் சிவப்பு, திருத்தினால் மஞ்சள். நான் மஞ்சளாக்கியதை நானே பச்சையாக்க முடியாது, வேறொருவர் பார்க்க வேண்டும். பட்டறையிலும் அதே சட்டம்தான், செய்தவனே பாஸ் போடக் கூடாது. நான்காவது வாரம் என் பக்கங்களில் ஏழு பச்சையாகியிருந்தன. ஒன்றில் நான் விட்ட ஒற்றெழுத்தை யாரோ போட்டிருந்தார். ஏழுக்கு ஒன்று ரிஜெக்ட்! வெட்கமாக இருந்தது, ஆனால் நான் செய்ததை ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஒரகடத்தில் ஒரு இன்டர்வியூவில், "இடையில என்ன செஞ்சீங்க?" என்றார்கள். போனில் காட்டினேன். "இதுக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள். சரி, அந்த வேலை கிடைக்கவில்லை.

ஏழாம் மாதம் திருமுடிவாக்கத்தில் கிடைத்தது. சம்பளம் கொஞ்சம் குறைவு. அந்தப் புத்தகத்தில் இன்னும் 41 பக்கம் சிவப்பாகவே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பக்கம் என்று நகர்கிறது.