இடம் வலமாகிப்போன சித்தன்னவாசல் யானை

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை 55 கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து சித்தன்னவாசல் இன்னும் 16. காலை டிபனை முடித்துவிட்டுப் புறப்பட்டால் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் மலையில் நிற்கலாம். எனக்கு அங்கே போய்ச்சேர நாற்பத்தேழு வருடம் ஆனது.

இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறேன். படம் வரைவேன். "ஓவியர்" என்று யாராவது சொன்னால் பின்னால் வேறு யாரோ நிற்பதுபோலத் திரும்பிப் பார்ப்பேன். கடையில் வீணாகும் பில் தாள்களின் பின்பக்கம்தான் என் கேன்வாஸ். டிஎம்டி கம்பி 12 எம்எம், எட்டு டன் என்று முன்பக்கம் இருக்கும். பின்பக்கம் மலைக்கோட்டை இருக்கும். முதலாளி ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்லாயிருக்குப்பா, டோட்டல் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன். பையில் ஸ்கெட்ச் நோட்டு ஒன்று, 2பி, 4பி பென்சில்கள், பன்னிரண்டு வில்லை கொண்ட கேம்லின் வாட்டர்கலர் டப்பா, இரண்டு பிரஷ், தண்ணீர் பாட்டில். அப்புறம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. இந்தக் கண்ணாடிதான் என் மூளையின் சாதனை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். சித்தன்னவாசலில் ஓவியம் இருப்பது விதானத்தில். அண்ணாந்து பார்த்தே வரைந்தால் கழுத்து போய்விடும். கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டால் விதானம் மடிக்கு வந்துவிடும் அல்லவா?

கீரனூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் கிடைத்த பிறகு, என் கையில் யார் யாருடைய கை ஏறியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் சில்பி. தாத்தா ஆனந்த விகடனில் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தார். அதில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' படங்கள் இருந்தன. கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து, ஒட்டியாணத்தின் ஒரு மணிகூட விட்டுப்போகாமல் பேனாவால் வரைந்தவர் அவர். நாமக்கல்காரர், சொந்தப் பெயர் சீனிவாசன், 'சில்பி' என்று பெயர் வைத்தது விகடன் ஓவியர் மாலி என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் அவருக்கு வாத்தியார் தேவி பிரசாத் ராய் சௌத்ரி; மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். எனக்கு அந்த வயதில் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அந்தப் படத்தை அப்படியே எடுக்க வேண்டும். வெள்ளைத் தாளில் தேங்காய் எண்ணெய் தடவினால் அது கண்ணாடி மாதிரி ஆகிவிடும், படத்தின்மேல் வைத்துக் கோடு எடுக்கலாம் என்று பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் சொல்லிக்கொடுத்தான். எடுத்தேன். எண்ணெய் அடியிலிருந்த பக்கத்துக்கும் இறங்கி, எதிர்ப்பக்கத்துத் தொடர்கதைக்கும் இறங்கியது. தாத்தா அடிக்கவில்லை, அந்த வால்யூமை மட்டும் பரண்மேல் ஏற்றிவிட்டார். அடித்திருக்கலாம்.

இரண்டாவது ஆள் எந்தப் பத்திரிகையிலும் வராதவர். பாலக்கரைப் பக்கம் போர்டு எழுதுகிற ஒரு அண்ணன். பள்ளிக்கூடம் விட்டால் அவர் கடை வாசலில்தான் நிற்பேன். நூலில் சாக்பொடியைத் தேய்த்து, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிடுவார். பலகையில் நேர்கோடு விழும். பிறகு இடது கையில் ஒரு குச்சியை ஊன்றி, அதன்மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்து, எனாமல் பெயிண்டில் 'ஸ்ரீ' போடுவார். சுழி மேலே போய் வளைந்து இறங்கும்வரை பிரஷ் எங்கும் நிற்காது. நான் முயன்றால் என் 'ஸ்ரீ' நடுங்கும். "கோடு போடுறப்ப கோட்டைப் பாக்காதடா. அது போய்ச் சேர்ற எடத்தைப் பாரு" என்பார். நான் ஓவியம் பற்றிக் கேட்ட முதல் பாடமும் உருப்படியான பாடமும் அதுதான். ஃபிளக்ஸ் வந்த பிறகு அவர் கொஞ்ச நாள் வெள்ளையடிக்கப் போனார், பிறகு ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஆட்டோவின் பின்னால் அவரே எழுதிய எழுத்து மட்டும் ஊரிலேயே அழகாக இருந்தது.

கோபுலு உண்டு, முதுகைக் காட்டி நிற்கிற ஆளுக்கும் கோபம் வந்திருப்பது தெரியும்படி வரைவார். எங்கள் ஜில்லாக்காரர் ஆதிமூலம் உண்டு, துறையூர்ப் பக்கம் கீராம்பூர். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்திகளைப் புத்தகத்தில் பார்த்தபோது, முதலில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு குறைவாகக் கோடு போட்டு இவ்வளவு ஆளைக் கொண்டுவந்தால் எண்ணெய்த் தாளில் மணி மணியாக எடுத்த நான் என்ன செய்வது?

புதுக்கோட்டையில் அன்னவாசல் பஸ் பிடித்து, சித்தன்னவாசல் நிறுத்தத்தில் இறங்கினேன். பொட்டல், நடுவில் நீளமாகப் படுத்திருக்கும் பாறை. முதலில் கிழக்குப் பக்கம் ஏழடிப்பட்டத்துக்கு ஏறினேன். பாறையின் விளிம்பில் கால் வைத்து இறங்க வெட்டிய ஏழு படிகளால் வந்த பெயர் அது. உள்ளே சமண முனிவர்களின் கற்படுக்கைகள், மொத்தம் 17. ஒவ்வொன்றிலும் தலைமாட்டில் கல்லையே மேடாக விட்டுத் தலையணை செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றில் ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழைய தமிழி எழுத்து. கம்பிக்கு வெளியே நின்று ஒரு தலையணையை வரைந்தேன். கல்லில் தலையணை வரைவது லேசு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். மெத்தென்று இருக்கக்கூடாது, ஆனால் தலை வைக்கத் தோன்ற வேண்டும். எனக்கு ரொட்டி மாதிரி வந்தது.

மேற்குப் பக்கம் வந்தால் அறிவர் கோயில். முகப்பில் இருக்கும் தூண்கள் சமஸ்தான காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. அதைத் தாண்டினால் குடைவரை. சின்ன இடம். நீளம் இருபத்திரண்டு அடி இருக்கும், அகலம் ஏழரை, உயரம் எட்டடிக்குச் சற்று மேல். அந்த எட்டடிக்கு மேலேதான் தாமரைக்குளம்.

படத்தில் எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனால் படத்தில் குளம் எதிரே இருக்கும். இங்கே தலைக்கு மேல் இருக்கிறது. குளத்துக்கு அடியில் நின்று மேலே பார்ப்பதுபோல ஒரு குழப்பம். இலைகளும் மலர்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இடையில் மீன், அன்னம், எருமை, யானை. கோவணம் கட்டிய மூன்று பேர் பூப்பறிக்கிறார்கள்: இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் தனியாக. தீர்த்தங்கரரின் உபதேசம் கேட்கப் போகும் வழியில் பக்தர்கள் இறங்கிப் பூப்பறிக்கும் குளம் இது என்று சமணர் சொல்வார்கள். பல இடங்களில் வண்ணம் உதிர்ந்து சுண்ணாம்பு தெரிகிறது. குடைவரையோடு சேர்த்துச் செதுக்கிய பழைய தூண்களில் இரண்டு ஆடற்பெண்கள், ஒரு தூணின் உட்பக்கம் அரசன், அரசி. இவர்களும் மங்கித்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆடுகிறவளின் குறுக்கே வீசிய கையைப் பாருங்கள். தோளில் புறப்பட்ட செங்காவிக் கோடு எங்கும் தயங்காமல் விரல் வரை போயிருக்கிறது. பாலக்கரை அண்ணன் நினைவு வந்தது. வரைந்தவர் கோட்டைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்திருக்கிறார்.

அங்கே இருந்த காவலர் செல்போனை எடுக்க வேண்டாம் என்றார். பென்சிலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கருவறைக்குள் நின்று மெதுவாக "ம்ம்ம்" என்று முனகச் சொன்னார். முனகினேன். நான்கு சுவரும் சேர்ந்து முனகின. சட்டென்று நிறுத்தினேன், யாரோ என்னைவிட நன்றாகப் பாடுவதுபோல இருந்தது.

பிறகு சுவரோரம் உட்கார்ந்து மடியில் கண்ணாடியை வைத்தேன். பிரமாதம். யானையும் எருமையும் என் மடியில். கழுத்து வலி கிடையாது. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. இலை, மொட்டு, மீன், யானையின் முதுகு என்று பக்கம் நிறைந்தது. காவலர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது முறை நோட்டைப் பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"சார், யானை அந்தப் பக்கம்ல பாக்குது?"

மேலே பார்த்தேன். யானை அந்தப் பக்கம்தான் பார்த்தது. என் நோட்டில் இந்தப் பக்கம் பார்த்தது. அன்னம், எருமை, பூப்பறிக்கிற ஆள், எல்லோரும் திசை மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள். கண்ணாடி என்றால் இடம் வலமாகும் என்பது இருபத்தைந்து வருடமாக அதைப் பார்த்துத் தலை சீவுகிறவனுக்குத் தோன்றவில்லை.

"பரவால்ல சார், யாருக்குத் தெரியப்போவுது" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டதே.

கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தேன். இப்போதுதான் இன்னொரு கோளாறும் தெரிந்தது, இது கண்ணாடி செய்ததில்லை. என் மீனுக்கு வரிசை வரிசையாகச் செதில் போட்டிருந்தேன். மேலே இருக்கும் மீனில் அவ்வளவு இல்லை. என் யானையின் நெற்றியில் ஒரு சுருக்கம், காதோரம் நெருக்கமான நிழல் கோடுகள். அவை மேலே கிடையவே கிடையாது. அவை சில்பியுடையவை. கருங்கல் சிலையின் பள்ளம் மேட்டைக் காட்ட அவர் கண்டுபிடித்த நிழல் கோடு, தட்டையான வண்ணத்தால் நிறைந்த ஒரு குளத்துக்குள் என் கை வழியாகப் புகுந்துவிட்டது. கண் மேலே இருந்திருக்கிறது, கை மட்டும் பரண்மேல் ஏறிய வால்யூமைப் பார்த்து வரைந்திருக்கிறது.

வருத்தமா என்றால், முழுக்க வருத்தம் இல்லை. வெளியே பாறையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டு, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலம். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முன்மண்டபம் கட்டியதாகச் சொல்கிறது. புதுப்பித்தவர் என்றால், அவர் வருவதற்கு முன்பே இங்கே யாருடைய கையோ இருந்திருக்கிறது. அவருக்கும் மதுரையில் ஒரு வால்யூம் இருந்திருக்கலாம். இது என் ஊகம், ஆராய்ச்சியாளர்கள் மன்னிக்கவும்.

நிழல் கோடு போடாமல் மறுபடி ஒரு யானை முயன்றேன். ஒரே கோட்டில் முதுகு. எங்கே முடிகிறதோ அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன். முதுகு வந்தது. கால் நான்கும் நாற்காலிக் கால்.

வண்ணத்துக்கு வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்தேன். டப்பாவில் இருக்கும் பச்சை, பிளாஸ்டிக் வாளியின் பச்சை. அந்தக் குளத்தில் அப்படி ஒரு பச்சை எங்கும் கிடையாது. அவர்களிடம் இருந்தது மண்ணிலிருந்து வந்த வண்ணம்: வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, மஞ்சள் காவி, செங்காவி, பச்சை மண். நான் மஞ்சள் காவியில் ஒரு துளி கறுப்பைத் தொட்டேன். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் அழுக்குப் பழுப்பு வரும் என்றுதான் நினைத்திருந்தேன். பச்சை வந்தது! மங்கலான, பாசி பிடித்த, விதானத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கக்கூடிய பச்சை. இதைத் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். எனக்கு நாற்பத்தேழு வயதில் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு பக்கம் முழுக்க வெறும் பச்சையாகவே பூசித் தள்ளினேன், படம் எதுவும் இல்லாமல்.

திரும்பும் வழியில் பஸ்ஸைத் தவறவிட்டு ரோட்டோரமாக நடந்தேன். ஒரு குளத்தில் தாமரை இருந்தது, கரையோரம் நாலைந்து பூ. காற்று அடித்தபோது இலைகள் ஓரம் தூக்கிக்கொண்டன. மேற்பக்கம் அடர்த்தி, அடிப்பக்கம் வெளிர். தண்ணீர் உருண்டு ஓடியதும் இலை பழையபடி படுத்துக்கொண்டது. விதானத்தில் சில இலைகள் ஏன் அப்படி மடங்கி நிற்கின்றன என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, "என்னப்பா, சர்வே எடுக்கிறியா?" என்றார். இல்லை ஐயா, தாமரை வரைகிறேன் என்றதும், "அதான் அங்கனயே இருக்கே" என்றுவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. வீடு சேர இருட்டிவிட்டது. சாப்பிடக்கூட உட்காராமல் நோட்டை எடுத்துக்கொண்டு போய் நிலைக்கண்ணாடி முன்னால் விரித்துப் பிடித்தேன். அன்னங்கள் சரியான திசையில் போயின. எருமை திரும்பிக்கொண்டது. பூப்பறிக்கிற ஆள் தன் பக்கத்துக்கு வந்துவிட்டார். யானையும் காவலர் சொன்ன பக்கத்தைத்தான் பார்த்தது.

நெற்றியில் அந்தச் சுருக்கம் மட்டும் அப்படியே இருந்தது.