கேசட் திருப்பாத ஒரு பெட்டி

அப்பாவின் அலமாரியில் 212 கேசட்டுகள் இருக்கின்றன. எல்லாம் வானொலியிலிருந்து பதிந்தவை. ஒவ்வொன்றின் உறையிலும் நீல மையில் தேதி, ராகம், வாசித்தவர் யார், தவில் யார் என்று எழுதி வைத்திருப்பார். பெரும்பாலும் 60 நிமிடக் கேசட்டுகள், பக்கத்துக்கு 30 நிமிடம். அதனால் எதைப் பதிந்தாலும் நடுவில் ஓரிடத்தில் 'டக்' என்று நின்றுவிடும். எழுந்து போய்த் திருப்பிப் போட்டு, சிவப்புப் பொத்தானை மறுபடி அழுத்துவதற்குள் எட்டுப் பத்து விநாடி போயிருக்கும். தோடி ஆலாபனை உச்சியில் நிற்கும்போது அறுந்து, அடுத்த பக்கத்தில் எங்கோ இறங்கிக்கொண்டிருக்கும். "அந்தப் பத்து விநாடியில் என்ன வாசிச்சாரோ" என்று அப்பா இப்போதும் சொல்வார்.

அப்பா நாதஸ்வரக்காரர். மூச்சுத் தொந்தரவால் வாசிப்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது கும்பகோணத்து வீட்டில் அவருக்குத் துணை பொதிகைதான். 2024 ஜனவரியில் அதற்கு டிடி தமிழ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் பொதிகைதான். நல்ல கச்சேரி வரும் நேரத்தில் அவர் மருந்து சாப்பிட்டுத் தூங்கிப்போயிருப்பார். விழித்ததும், "வந்துச்சாம்மா? யார் வாசிச்சா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் தொலைக்காட்சியைப் பதியும் கணினி ஒன்றை நானே கட்டுவது என்று இறங்கினேன். நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். அதுவரை ஒரு கணினியின் மூடியைக்கூடக் கழற்றியதில்லை.

முதலில் கோயம்புத்தூரில் இருக்கும் தம்பியைத்தான் கேட்டேன். "அக்கா, ப்ராசஸர் பெருசா வாங்கிடு, மத்ததெல்லாம் அப்புறம்" என்றான். யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். ஆனால் ஒரு வாரம் உட்கார்ந்து படித்ததில் இந்த வேலைக்கு அது பொருந்தாது என்று புரிந்தது. செயற்கைக்கோளிலிருந்து வரும் படமும் ஒலியும் ஒளிபரப்புகிறவர்களிடமே சுருக்கப்பட்டுத்தான் வருகின்றன. நம் கணினி அதைப் பிரிப்பதும் இல்லை, மறுபடி சுருக்குவதும் இல்லை. வருகிற ஓட்டத்தை மடை மாற்றுவது போல டிஸ்க்குக்குத் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். பழைய அனலாக் கேபிள் காலத்தில் கதை வேறு. அப்போது கணினியில் செருகிய கார்டோ ப்ராசஸரோ உட்கார்ந்து படத்தைச் சுருக்கியாக வேண்டும். அந்தக் காலத்து அறிவுரைதான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் என் கணக்கை மாற்றினேன். வேகம் வேண்டாம். குறித்த நேரத்தில் பெட்டி விழித்திருக்க வேண்டும், நடுவில் அறுபடக் கூடாது. ஒவ்வொரு பாகத்தையும் "இது எப்போது அறுக்கும்?" என்று கேட்டுத்தான் வாங்கினேன்.

மொட்டைமாடியிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் கிடையாது. முக்கியமாக, தூர்தர்ஷன் சேனல்கள் பூட்டில்லாமல் வருகின்றன. கட்டண டிடிஎச் என்றால் சேனல்களுக்குப் பூட்டுப் போட்டிருக்கும், திறப்பது அவர்கள் பெட்டியால் மட்டுமே முடியும். ஒளிபரப்பைப் பிடிக்க நாம் கணினிக்கு வாங்கும் ட்யூனரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோளிலிருந்து, கிழக்கு 93.5 பாகையில். கும்பகோணத்திலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, ஏறக்குறைய 69 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேலே. பக்கத்து வீட்டுத் தென்னை மறைக்குமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். இவ்வளவு உயரம் என்பதால் மறைக்கவில்லை.

இருந்தது 60 சென்டிமீட்டர் டிஷ். ஐப்பசி மழை வலுத்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். இந்த அலைவரிசை மழையில் கரையும், அதற்கு மருந்து கிடையாது. டிஷ் பெரிதாக இருந்தால் கொஞ்சம் தாங்கும். டிஷ் மாட்டும் அண்ணனைக் கூப்பிட்டு 90 சென்டிமீட்டர் போடச் சொன்னேன். "ஒரு டிவிக்கு எதுக்கும்மா இவ்ளோ பெருசு?" என்றார். மழைக்கு என்றேன். கூடவே இரண்டு வாய் உள்ள எல்என்பியும் (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று அலையை வாங்கும் தலை) வாங்கினேன், ஒரு கேபிள் டிவிக்கு, இன்னொன்று கணினிக்கு. இருக்கிற ஒரே கேபிளைப் பிரித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். எல்என்பிக்கு மின்சாரம் அந்தக் கேபிள் வழியாகத்தான் மேலே போகிறது, 13 அல்லது 18 வோல்ட். இரண்டு கருவிகள் ஒரே கேபிளில் ஆளுக்கொரு வோல்ட் கேட்டால் ஒன்று மற்றதைக் கெடுக்கும்.

ட்யூனரில் ஒரு தவறு செய்தேன். முதலில் வாங்கிய யூஎஸ்பி ட்யூனரின் அட்டையில் டிவிபி-டி2 என்றிருந்தது. எனக்கு வேண்டியது டிவிபி-எஸ்2. ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் டி என்றால் தரைக் கோபுரத்திலிருந்து வரும் ஒளிபரப்பு, எஸ் என்றால் செயற்கைக்கோள். சென்னை போன்ற சில நகரங்களில் தூர்தர்ஷன் டி2 ஒளிபரப்பைத் தொடங்கியதுண்டு. எங்கள் மாடிக்கு அதனால் பயனில்லை. 2,400 ரூபாய் போயிற்று, கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. வாங்குபவர்கள் அந்த ஓர் எழுத்தை விரல் வைத்துப் படியுங்கள்.

இரண்டாவது முறை யூஎஸ்பியே வேண்டாம் என்று, மதர்போர்டில் செருகும் இரட்டை ட்யூனர் எஸ்2 கார்டு வாங்கினேன். யூஎஸ்பி முனை தூசி தட்டும்போது அசைந்தால் அதோடு பதிவு போச்சு. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைத்தான் போடப்போகிறேன், அதன் மையப் பகுதியான கர்னலிலேயே கார்டை இயக்கும் டிரைவர் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொண்டேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு கர்னல் மாற்றத்துக்கும் டிரைவரைக் கையால் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம். நான்கு சேனல் பதிய நான்கு ட்யூனர் வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. செயற்கைக்கோளில் இருக்கும் ஒளிபரப்பும் கருவிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர், அது ஒன்றிலேயே பல சேனல்கள் ஒன்றாக வருகின்றன. ட்யூனர் பிடிப்பது சேனலை அல்ல, டிரான்ஸ்பாண்டரை. பிடித்துவிட்டால் அதில் இருக்கும் எதை வேண்டுமானாலும், எத்தனை வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் பதியலாம். ஃப்ரீ டிஷ்ஷில் ஆகாசவாணி வானொலிச் சேனல்களும் சேர்ந்தே வருகின்றன. அப்பா கேசட்டில் பிடித்த அதே வானொலி இப்போது இரைச்சல் இல்லாமல் வருகிறது.

மதர்போர்டுக்குச் சென்னை ரிச்சி தெரு போனேன். காலை ரயிலில் கிளம்பி, மதியம் மவுண்ட் ரோடு பக்கம் இறங்கி, அந்தச் சந்தில் நுழைந்தால் ஒவ்வொரு கடையிலும் "என்ன வேணும் மேடம்" என்று கேட்பார்கள். பழைய அலுவலகக் கணினி ஒன்றை 7,000 ரூபாய்க்குக் காட்டினார்கள். மலிவுதான். ஆனால் இந்தப் பெட்டி இரவும் பகலும் ஓடப்போகிறது. அந்தப் பழைய கணினி சும்மா இருக்கும்போதே 55 வாட் இழுத்தது, இரண்டு மாதத்துக்கு 79 யூனிட். அப்போது நமக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமே 100 யூனிட்தான். அதுவும் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்குப் போடும் விகிதமே மாறி பில் எகிறிவிடும். நாங்கள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். அதனால் இன்டெல் என்100 பதித்து வரும் போர்டு எடுத்தேன். ப்ராசஸரின் வரம்பு 6 வாட், விசிறி கிடையாது. ட்யூனரும் டிஸ்க்கும் சேர்ந்து இப்போது 18 வாட் காட்டுகிறது, இரண்டு மாதத்துக்கு 26 யூனிட். சத்தமில்லை என்பது இன்னும் பெரிய காரணம். பெட்டி இருப்பது அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு விசிறியின் 'ஙொய்' அவருக்கு அபசுரமாகக் கேட்கும். கையடக்க மினி கணினியில் இதே ப்ராசஸர் கிடைக்கும், ஆனால் அவற்றில் பெரும்பாலும் கார்டு செருக இடம் இருக்காது. ரேம் 8 ஜிபி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

டிஸ்க் விஷயத்தில் மட்டும் கை சுருக்கவில்லை. சில டிஸ்க்குகளில் தடங்களை ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவார்கள். எஸ்எம்ஆர் என்று பெயர். நடுவில் ஓர் ஓடு மாற்ற வேண்டுமென்றால் மேலே இருக்கும் ஓடுகளையும் எடுத்து வைக்க வேண்டும், அதனால் அழித்து எழுதும்போது திடீரென்று திணறும். அதைத் தவிர்த்து, சிசிடிவிக்கென்று விற்கும் 4 டிபி டிஸ்க் வாங்கினேன். நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கத்தான் அதைச் செய்கிறார்கள். பொதிகை எங்களுக்கு மணிக்கு ஏறக்குறைய 1.35 ஜிபி ஆகிறது, ஆக 3,000 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். ஓஎஸ்ஸுக்குத் தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டி.

மின்வெட்டுக்கு வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைத்தேன். முதல் வெட்டிலேயே கணினி அணைந்துவிட்டது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, அதை யூபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறையும். தள்ளினேன். அதற்கும் மேலே கணினிக்குத் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ். கடைசியாக பயாஸில் (கணினியை முதலில் எழுப்பும் மென்பொருள்), மின்சாரம் போய்த் திரும்பினால் தானாகவே இயங்கு என்ற அமைப்பு. காசு செலவில்லாத வேலை, கட்டாயம் செய்யுங்கள்.

லினக்ஸின் ஒரு வகையான டெபியனைப் போட்டு, தொலைக்காட்சியைப் பதியும் டிவிஹெட்எண்ட் என்ற மென்பொருளை ஏற்றினேன். தீபாவளிக்குள் எல்லாம் ஓடியது. ஆனால் சாயங்காலப் பதிவுகளில் மட்டும் அங்கங்கே படம் உடைந்தது. மழையும் இல்லை. டிவிஹெட்எண்ட் 'தொடர்ச்சிப் பிழை' என்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. படமும் ஒலியும் 188 பைட் பொட்டலங்களாக வருகின்றன, ஒவ்வொரு பொட்டலத்திலும் 0 முதல் 15 வரை சுழலும் ஓர் எண் இருக்கும். எண் தாவினால் நடுவில் பொட்டலம் தொலைந்தது என்று அர்த்தம். அப்பாவிடம் இதைச் சொன்னதும், "பதினாறா? ஆதி தாளம் ரெண்டு ஆவர்த்தனம். ஒரு எண்ணிக்கை விட்டா தெரிஞ்சிடும்" என்றார்.

காற்று வீசும் நேரத்தில்தான் எண் தாவுகிறது என்று மூன்றாம் நாள் கவனித்தேன். மாடிக்குப் போய் கணினிக்கான கேபிளை எல்என்பியிலிருந்து கழற்றி, முனையை வெட்டி எடுத்து அப்பாவின் கட்டிலுக்கே கொண்டுவந்தேன். அவருடையது, நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியைச் சீவும் கை. திருவாவடுதுறையிலிருந்து வாங்கிவரும் சீவாளியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முடியளவு பிசிரை எடுப்பார். அதே போல என் கேபிள் முனையைத் தூக்கிப் பிடித்தார். நடுவில் செம்புக் கம்பி, சுற்றிலும் வெள்ளை நுரை, அதன்மேல் தகடு, அதன்மேல் பின்னல் கம்பிகள். "இங்க பாரு" என்றார். பின்னலிலிருந்து பிரிந்த ஒரே ஓர் இழை, தலைமுடியை விட மெல்லிசு, வெள்ளை நுரையைத் தாண்டி நடுக்கம்பிப் பக்கம் வளைந்திருந்தது. கேபிள் காற்றில் ஆடும்போதெல்லாம் அது நடுக்கம்பியைத் தொட்டிருக்கிறது, எல்என்பிக்குப் போகும் மின்சாரம் ஒரு கணம் விட்டுவிட்டு வந்திருக்கிறது. புது முனைக்குக் கேபிளை அப்பாவே சீவிக் கொடுத்தார், பின்னலை ஒவ்வோர் இழையாகப் பின்னால் மடித்து. அதற்குப் பிறகு ஒரு வாரம் பிழை எண் பூஜ்யத்திலேயே நின்றது.

மொத்தச் செலவு, அந்த டி2வையும் சேர்த்து, 43,000 ரூபாய்க்குப் பக்கத்தில். ப்ராசஸரும் போர்டும் சேர்ந்து அதில் கால் பங்குதான்.

ஜனவரியில் திருவையாறு ஆராதனை. பஞ்சரத்தின கீர்த்தனைகளைக் கோஷ்டியாகப் பாடுவதைத் தூர்தர்ஷனும் ஆகாசவாணியும் நேரடியாகத் தருகின்றன. ஃப்ரீ டிஷ்ஷில் வரும் நிகழ்ச்சி அட்டவணையை நம்பாமல், பத்து நிமிடம் முன்னாலிருந்து ஒரு மணி நேரம் பின்வரை என்று நானே நேரம் குறித்து வைத்தேன். நேரடி ஒளிபரப்பு எப்போதும் நீளும். அன்று காலை கரண்டும் ஒரு முறை போய் வந்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன்.

சாயங்காலம் அப்பா நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீராகம் என்று ஐந்தையும் எழுந்திருக்காமல் கேட்டார். ஸ்ரீராகம் முடிந்ததும், "கரண்டு எந்த இடத்துல போச்சு?" என்று கேட்டார். யூபிஎஸ் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னேன், ஆரபிக்கு நடுவில். அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து கேசட் நோட்டை எடுத்து, 212க்குக் கீழே 213 என்று எழுதினார்.