கறுப்பு கேரட் காஞ்ஜி: இந்தக் குளிரில் ஏடு படியவில்லை

இந்த ஜனவரியில் போட்ட ஜாடியில், ஈஸ்டோ பூஞ்சையோ மேலே படர்ந்தால் வரும் வெள்ளை ஏடு ஒரு பொட்டுகூட இல்லை. டெல்லிக் குளிரில், மயூர் விஹாரில் வெயில் தலைகாட்டாத வாரத்தில் போட்ட காஞ்ஜி, அதாவது கறுப்பு கேரட்டைக் கடுகுப்பொடியும் உப்பும் சேர்த்த தண்ணீரில் புளிக்கவைத்துக் குடிக்கும் வட இந்திய பானம்! திராட்சை நிறம், மூக்கில் ஏறும் காரம், புளிப்பை அளக்கும் பிஎச் தாளில் 4-க்குக் கீழே (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

கேரட் நறுக்குவது, காய் மிதக்காமல் அமுக்கிவைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உப்பு, தண்ணீரும் காயும் சேர்ந்த எடையில் 2 சதவீதம். நான் பேச வந்தது கடுகைப் பற்றி.

பலர் கடுகுப்பொடியைச் சுடுதண்ணீரில் கொட்டிவிடுகிறார்கள். முழுக் கடுகில் அந்த நெடி கிடையாது. பொடித்து ஈரம் பட்ட பிறகுதான் மைரோசினேஸ் என்ற நொதி கடுகில் உள்ள சினிகிரின் என்ற பொருளை உடைத்து, நெடி தரும் அல்லைல் ஐசோதயோசயனேட்டை உண்டாக்குகிறது. ஈஸ்டையும் பூஞ்சையையும் அடக்கிவைப்பது அதுதான். சூடு பட்டால் நொதி போச்சு. தாளித்த கடுகு மணக்குமே தவிர மூக்கைத் துளைக்காதது இதனால்தான். அதனால் மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டினேன், ஜார் சூடாகவே கூடாது. கரகரப்பான பொடியைப் பச்சைத்தண்ணீரில் குழைத்து, கால் மணி நேரம் மூடிவைத்து, திறந்தால் கண்ணில் நீர் வரும் பதத்தில் ஜாடியில் சேர்த்தேன். கொதிக்கவைத்த தண்ணீர் முழுக்க ஆறின பிறகுதான் உள்ளே போனது.

கடுகு, பழைய டெல்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லியில் வாங்கிய ராய் (கடுகுக்கு இந்திப் பெயர்). பொடியாக விற்பதை வாங்காதீர்கள், நெடி பாதி போயிருக்கும். அங்கிருந்து நடந்தால் திலக் பஜார் ரசாயனக் கடைகள். பிஎச் தாளை அங்கேயே கேட்டுப் பாருங்கள்.

குடலுக்கு இதனால் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். 2021-ல் 'செல்' இதழில் வந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில் 36 பேர் 10 வாரம் உணவை மாற்றிக்கொண்டார்கள். புளித்த உணவு நிறைய சாப்பிட்டவர்களுக்குக் குடல் நுண்ணுயிர்களின் வகைகள் கூடின, 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்தைக் கூட்டியவர்களுக்கு அந்தக் காலத்துக்குள் வகைகள் கூடவில்லை. அதற்காக நாரை விட்டுவிட முடியாது. பெருங்குடல் பாக்டீரியா நாரைப் புளிக்கவைத்துத் தரும் பியூட்டிரேட்தான் அங்குள்ள செல்களுக்கு முக்கிய எரிபொருள். காஞ்ஜியைக் குடித்துவிட்டுக் கேரட்டைக் குப்பையில் போடுபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. துண்டுகளையும் தின்னுங்கள், தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டால் அமிர்தம்.

உப்பில் மட்டும் நான் கண்டிப்பு. 100 மில்லியிலேயே ஏறக்குறைய 2 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. அதனால் சின்ன டம்ளர்தான், அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் கிடையாது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் என் மாமியாருக்கு இரண்டு துண்டு கேரட்டோடு சரி.

இந்த ஜாடி காலியாகும் முன்பே அடுத்ததற்கு மனசு தாவிவிட்டது. கறுப்பு கேரட் சீசன் முடிவதற்குள் இன்னொன்று போட வேண்டும், பழைய காஞ்ஜி ஒரு கரண்டி ஊற்றாமல். ஊற்றினால் சீக்கிரம் புளிக்கும். ஆனால் தொடக்கத்தில் லூகோனோஸ்டாக் பாக்டீரியா குமிழி விட்டுத் தரும் அந்த மணம் எனக்கு வேண்டும். ஏப்ரலில் சாம்பார் வெங்காயத்தை இதே கடுகுத் தண்ணீரில் போட்டு, பழைய சோற்றோடு பார்க்கப்போகிறேன். டெல்லி ஐஎன்ஏ மார்க்கெட்டில் உரித்தால் முத்துப்போல இருக்கும் சின்ன ரகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.